பள்ளிக்கூட மேடை யாருடைய மிம்பர்?

அஸர் தொழுதுவிட்டு விளக்குத்தூண் பக்கம் ஏதாவது ஒரு ஜவுளிக் கடையில் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். வியாபாரப் பேச்சு முடிந்ததும் பிள்ளைகள் பேச்சு வரும். "பாய், ஸ்கூலுக்கு யாரோ வெளியாள் வந்து பேசினாராம். போன ஜென்மம், பாவம்னு என்னென்னவோ சொன்னாராம். மகள் வந்து கேட்கிறா. என்னத்தச் சொல்ல?" கேட்பவர் தலையை ஆட்டுவார். "காலம் கெட்டுப் போச்சு" என்பார். டீ வரும். குடித்துவிட்டுக் கலைந்துவிடுவோம்.

சமுதாயமே! இந்தத் தலையாட்டல் இன்னும் எத்தனை நாளைக்கு?

2024 ஆகஸ்டு இறுதியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். சென்னை அசோக் நகர், சைதாப்பேட்டை அரசுப் பள்ளிகளில் தன்னம்பிக்கை உரை என்ற பெயரில் மகாவிஷ்ணு என்பவர் மேடை ஏறினார். பேசியதோ மறுபிறவியும் பாவ புண்ணியமும். முன்பிறவிப் பாவத்தால்தான் இந்தப் பிறவியில் ஊனம் என்று மாணவர்கள் முன்னிலையில் சொன்னார். பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்தார். பள்ளிக்கூடத்தில் இதைப் பேசலாமா என்று கேட்டார். மேடையில் இருந்தவர் அவரோடு மல்லுக்கு நின்றார். காட்சி நாடெங்கும் பரவியது. செப்டம்பர் 7ஆம் தேதி பேச்சாளர் கைதானார். தலைமை ஆசிரியர்கள் இருவர் இடமாற்றம் செய்யப்பட்டார்கள்.

கண் தெரிந்த எத்தனையோ பேர் வாய் மூடி நின்ற இடத்தில் ஒரே ஒரு மனிதர் கேட்டார். கேட்டதால் வழி பிறந்தது. பாடம் இதுதான்.

அவர் கேட்ட கேள்வி சட்டத்தின் கேள்வி. முழுக்க முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையத்தில் மத போதனை கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 28ஆவது பிரிவு. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் இதற்குக் காரணம் சொன்ன டாக்டர் அம்பேத்கர், வரிப்பணத்தைத்தான் முதலில் எடுத்தார். எல்லாச் சமூகத்தாரும் கட்டும் வரியில் ஒரு சமூகத்தின் மதத்தைச் சொல்லித் தருவது நியாயமாகாது என்றார்.

வணிகப் பெருமக்களே! நெல்பேட்டையிலும் மாசி வீதிகளிலும் நீங்கள் மாதாமாதம் கட்டுகிறீர்களே ஜி.எஸ்.டி., அந்தப் பணமும் சேர்ந்துதான் அரசுப் பள்ளியின் சுவர் எழும்புகிறது. அந்த மேடை எவருடைய பிரசங்க மேடையும் அல்ல.

இதை ஒரு கட்சியின் குற்றம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. குஜராத்தில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பகவத் கீதையைச் சேர்ப்பதாக 2022 மார்ச்சில் பா.ஜ.க. அரசு அறிவித்தது. அதைக் கண்டித்த தமிழ்நாட்டில்தான், 2024 ஆகஸ்டில் பழனியில் அறநிலையத் துறை நடத்திய முருகன் மாநாட்டில், தன் கல்வி நிலையங்களில் பக்தி இலக்கியப் போட்டிகள் நடத்தத் தீர்மானம் போட்டார்கள். அன்றைய ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே அதைக் கண்டித்தன. ஓட்டு வாங்க வருகிறவர் எவராயினும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்.

சமயங்களைப் பற்றி மாணவன் தெரிந்துகொள்ளவே கூடாதா? கூடும். பாடத்திட்ட வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடையில்லை என்றது. புத்தர் யார், ஏசு யார், நபிகள் நாயகம் (ஸல்) யார் என்று வரலாறாகச் சொல்லித் தருவது அறிவு. "இதை நம்பு, இதை ஓது" என்பது போதனை. நீதி போதனை வகுப்புக்குள் இந்த இரண்டாவது சரக்கு நுழையும்போதுதான் நாம் மறிக்க வேண்டும்.

இளைஞர்களே, உங்களிடமும் ஒரு வார்த்தை. "அவர்களுக்குக் கீதை என்றால் நமக்குக் குர்ஆன் வகுப்பு கொடு" என்று சிலர் கோஷம் போடுகிறீர்கள். கேட்க வீரமாகத்தான் இருக்கிறது. யோசித்தீர்களா? சோழவந்தான், வாடிப்பட்டி பக்கம் பத்து வீடு முஸ்லிம்கள் உள்ள ஊரில், வகுப்புக்கு ஒரே ஒரு முஸ்லிம் பிள்ளை. அவனுக்கு ஆலிமை யார் அனுப்புவது? மற்ற நாற்பது பிள்ளைகள் கீதை ஓதும்போது அவன் வராந்தாவில் தனியாக நிற்பான். நீங்கள் கேட்ட சமத்துவம் அந்தப் பிள்ளையை வெளியே நிறுத்துவதில்தான் முடியும். இலங்கையில் அரசுப் பள்ளியிலேயே அவரவர் சமயம் ஒரு பாடம்தான். ஆனால் அங்கே இஸ்லாத்துக்கும் பாடநூல் அச்சிடுவது அரசு. நம் மார்க்கப் பாடத்தை எழுதும் பேனாவை இங்குள்ள அரசுகளின் கையில் கொடுக்க நீங்கள் தயாரா?

நமக்கும் அதே தராசு வேண்டும். அரசு உதவி பெறும் முஸ்லிம் பள்ளிகளில் பிற சமயப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். பெற்றோர் சம்மதமின்றி அவர்களை மத வகுப்பில் உட்கார வைக்கக் கூடாது என்பதும் அதே 28ஆவது பிரிவுதான். மார்க்கத்தில் கட்டாயத்தை விலக்கிய வேதத்தை வைத்திருக்கும் நமக்கு இதை வேறொருவர் சொல்லித் தர வேண்டியதில்லை.

சரி, என்ன செய்வது?

முதலாவது, பள்ளி மேலாண்மைக் குழு. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளில் இந்தக் குழு இருக்க வேண்டும். உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்; மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். கூட்டத்துக்கு ஆள் வரவில்லை என்று தலைமை ஆசிரியர்கள் புலம்புகிறார்கள். நாம் கல்லாவில் உட்கார்ந்து புலம்புகிறோம். உங்கள் வீட்டுப் பெண்களை அந்தக் குழுவுக்கு அனுப்புங்கள். மேடைக்கு யாரை அழைப்பது என்று கேட்கும் இடம் அதுதான்.

இரண்டாவது, எழுத்து. தவறு நடந்தால் தெருவில் கத்தாமல், தேதி போட்டு, பேசியது என்ன என்று குறித்து, தலைமை ஆசிரியருக்கும் மாவட்டக் கல்வி அலுவலருக்கும் மனுக் கொடுங்கள். கேரளத்தில் 1985இல் மூன்று பிள்ளைகள் பள்ளியை விட்டு நீக்கப்பட்டார்கள். யெகோவா சாட்சிகள் என்னும் சிறு கூட்டத்தார். தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள். தங்கள் நம்பிக்கையின்படி பாடவில்லை. அதற்காக நீக்கம். அந்தக் குடும்பம் உச்ச நீதிமன்றம் வரை போய் 1986இல் வென்றது. ஒரே குடும்பம்! நம் ஜமாஅத்துகளின் எண்ணிக்கையை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்.

மூன்றாவது, நம் வீடு. மார்க்கக் கல்வி கொடுப்பது அரசின் கடமை அல்ல, நம் கடமை. மக்தபில் ஓதித் தரும் உஸ்தாதுக்குக் கடைப் பையனுக்குக் கொடுக்கும் சம்பளமாவது கொடுக்கிறோமா? மக்தபே இல்லாத கிராமங்களுக்கு வாரம் ஒரு நாளாவது ஓர் ஆலிம் போய்வர, நகரத்து வியாபாரிகள் பத்துப் பேர் சேர்ந்தால் போதாதா? வீட்டிலும் மக்தபிலும் ஈமான் உறுதிப்பட்ட பிள்ளை எவர் பேச்சைக் கேட்டும் தடுமாறாது. "ஐயா, இதை இங்கே பேசலாமா?" என்று பணிவோடு எழுந்து கேட்கும்.

அந்தப் பிள்ளையை வளர்க்கும் பொறுப்பு நம்முடையது. அடுத்த முறை டீ வரும்போது தலையாட்டாமல், மேலாண்மைக் குழுக் கூட்டம் என்றைக்கு என்று கேளுங்கள்.