பாஸ்போர்ட் முன்னே, விசாரணை பின்னேயா?

மனிதனுக்குப் பாஸ்போர்ட் உண்டு, அறிவோம். பேட்டரிக்குமா பாஸ்போர்ட் என்று கேட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். ஐரோப்பிய யூனியன் அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது! 2023-ல் நிறைவேறிய பேட்டரிச் சட்டத்தின்படி, மின்சாரக் காரின் பேட்டரி, மின்சார சைக்கிள், ஸ்கூட்டர் ஆகியவற்றின் பேட்டரி, 2 கிலோவாட்-மணிக்கு மேற்பட்ட தொழிற்சாலை பேட்டரி ஆகிய அத்தனையும், 2027 பிப்ரவரி 18 முதல் பாஸ்போர்ட்டுடன்தான் அங்கே சந்தைக்கு வரவேண்டும்.

பெட்டியின் மேல் ஒரு க்யூ.ஆர். குறி. அதைத் தொட்டால் வரலாறு விரியவேண்டும். செய்தவர் யார், செய்த இடம் எது, எடை என்ன, உள்ளே இருக்கும் ரசாயனம் என்ன, பழைய பேட்டரியிலிருந்து மீட்ட உலோகம் எத்தனை சதவிகிதம் என்றெல்லாம் அது சொல்லவேண்டும். மாடலுக்கு ஒரு சீட்டு ஒட்டிவிட்டுத் தப்பமுடியாது. ஒவ்வொரு பேட்டரிக்கும் தனித்தனிப் பாஸ்போர்ட். அது மறுசுழற்சியில் கரையும் நாளில்தான் பாஸ்போர்ட்டும் முடியும்.

நல்ல சட்டம், வரவேற்கிறோம். ஆனால் அந்தப் பாஸ்போர்ட்டை நிரப்பப் போகிறவர்கள் யார்? எங்கிருந்து நிரப்பப் போகிறார்கள்? இதுதான் நம் கேள்வி.

கோபால்ட்டை எடுத்துக்கொள்வோம். உலகில் வெட்டியெடுக்கும் கோபால்ட்டில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் காங்கோ ஜனநாயகக் குடியரசின் மண்ணிலிருந்து வருகிறது. கொல்வேசி வட்டாரத்தில் மண்வெட்டியும் கடப்பாரையுமாகக் குழிக்குள் இறங்குகிறான் ஏழைத் தொழிலாளி. அங்கே சிறுவர்களும் கல் பொறுக்குவதை 2016-ல் ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் உலகுக்கு எடுத்துக் காட்டியது. அவன் வெட்டிய கல் வியாபாரியின் கிட்டங்கிக்குப் போகிறது. அங்கே பல குழிகளின் கல் ஒன்றாய்க் கலக்கிறது. பிறகு உருக்காலை, கப்பல், பெரும்பாலும் சீனத்துச் சுத்திகரிப்பு ஆலை, செல் செய்யும் ஆலை, கடைசியில் கார்!

கலந்தபின் கல்லைப் பிரிக்கமுடியுமா? எடை போட்ட நாளில் எழுதாத கணக்கை, ஆறாயிரம் மைலுக்கு அப்பால் ஏதோ ஒரு அலுவலக மேஜையில் உட்கார்ந்து எழுதமுடியுமா? எழுதினால் அது விவரமா, கற்பனையா? ஆகவே பாஸ்போர்ட்டின் முதல் வரி கிட்டங்கித் தராசிலே எழுதப்படவேண்டும். ஒவ்வொரு கைமாற்றத்திலும் மூட்டை எண் மாறாமல் தொடரவேண்டும்.

முடியாத காரியம் என்கிறார்கள் சிலர். 2024-ல் வால்வோ நிறுவனம் தன் ஈ.எக்ஸ்.90 காருக்குப் பாஸ்போர்ட் கொடுத்துக் காட்டியது. ஐந்தாண்டுக்கு மேல் உழைத்தார்கள். காருக்குச் சுமார் 10 டாலர்தான் செலவு. வியாபார ரகசியம் வெளியாகும் என்பது இன்னொரு சாக்கு. நுணுக்க விவரங்களை எல்லோரும் பார்க்கமுடியாது; உரியவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் மட்டுமே என்று சட்டமே சொல்கிறதே!

உண்மையான ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. கச்சாப்பொருள் எங்கிருந்து, எப்படி வந்தது என்று பெரிய நிறுவனங்கள் ஆராய்ந்து பொறுப்பேற்க வேண்டிய கடமை 2025 ஆகஸ்ட் 18-ல் தொடங்கியிருக்க வேண்டும். சரிபார்க்கும் அமைப்புகள் தயாராகவில்லை என்று சொல்லி, அதை 2027 ஆகஸ்ட் 18-க்குத் தள்ளிவைத்தார்கள். பாஸ்போர்ட் பிப்ரவரியில், விசாரணைக் கடமை ஆகஸ்டில்! இடையே ஆறு மாதம். சுரங்கத்தைப் பற்றிய இடத்தில் அந்த ஆறு மாதமும் என்ன எழுதுவார்கள்? கோடு போட்டு விடுவார்களா?

இன்னொரு ஆபத்தும் உண்டு. கணக்கு எழுதுவது தொல்லை என்று, கையால் வெட்டுபவனிடம் வாங்குவதையே நிறுத்திவிடலாம். தாள் சுத்தமாகும்; அவன் அடுப்பு அணையும். அதுவா சீர்திருத்தம்? குழந்தையைக் குழியிலிருந்து மீட்கவேண்டும். தகப்பனுக்கு நியாயமான விலை கிடைக்கவேண்டும். கணக்கு எழுதும் செலவை வாங்குபவன் ஏற்கவேண்டும். வெட்டுபவன் தலையில் கட்டக்கூடாது.

நிறுவனங்கள் ஆகஸ்ட் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இன்றே கிட்டங்கிக்குக் கணக்கரை அனுப்பட்டும். ஐரோப்பிய அரசுகள் இனியொரு தவணை கொடுக்கவேண்டாம். பேட்டரியின் பிறப்பிடம் தொழிற்சாலை அல்ல, சுரங்கம். அதை மறைக்கும் பாஸ்போர்ட் பொய்ப் பாஸ்போர்ட்டே!