ஒத்திசைவு வேறு, காப்பு நகல் வேறு

கடந்த பருவத்தில் ஒரு பாடத்திற்காக மூன்று முதியவர்களின் பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்தேன. மூவரும் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள்; ஒருவர் என் பாட்டி. பதிவுகளை மேகச் சேமிப்பில் போட்டேன். அவை மடிக்கணினியிலும் வந்து உட்கார்ந்தன. இரண்டு இடத்தில் இருக்கின்றன, இனிக் கவலையில்லை என்று நினைத்தேன். சில நாள் கழித்துக் கைப்பேசியில் இடம் போதாமல், அதே செயலிக்குள் போய்ப் பெரிய கோப்புகளை அழித்தேன். இரண்டு மாதத்திற்குப் பிறகு அறிக்கை எழுத உட்கார்ந்தால், மடிக்கணினியிலும் அவை இல்லை. செயலியின் குப்பைத்தொட்டியும் கெடு முடிந்து காலியாகியிருந்தது.

சேவையில் பழுது எதுவும் இல்லை. ஓரிடத்தில் நடப்பதை மற்ற இடங்களிலும் அப்படியே நடத்துவதுதான் ஒத்திசைவு. அழிப்பதும் அதில் அடக்கம். நான் அழித்தாலும் அழியாமல் இருப்பதுதான் காப்பு நகல். பாடவேலைகளை மேகத்தில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கும் நம்மில் பெரும்பாலோரிடம் அப்படி ஒன்று இல்லை.

அதைச் செய்ய நான் பரிந்துரைப்பது கட்டளை வரி. கறுப்புத் திரையைக் கண்டாலே கணினி அறிவியல் மாணவர்களின் வேலை என்று ஒதுங்கியவள்தான் நானும். ஆனால் விண்டோஸ் விஸ்தா காலத்திலிருந்தே ரோபோகாப்பி என்ற கட்டளை விண்டோஸுடன் சேர்ந்தே வருகிறது. அதன் பெயர், எந்தக் கோப்புறை, எங்கே போக வேண்டும், உட்கோப்புறைகளும் வேண்டும் என்பதற்கு ‘ஸ்லாஷ் இ’. அவ்வளவுதான், ஒரே வரி. கோப்புறைப் பெயரில் இடைவெளி இருந்தால் முழுப் பாதையையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் போட வேண்டும். முதல் நாள் என்னை அரை மணி நேரம் அலைக்கழித்தது அதுதான்.

சுட்டியால் இழுத்துப் போட்டால் போதாதா என்று தோழி கேட்டாள். சில நூறு கோப்புகளை இழுத்துப் போடும்போது நடுவில் ஏதோ ஒன்றில் தடங்கினால், எது போனது, எது விடுபட்டது என்று பிறகு யாருக்கும் தெரியாது. ரோபோகாப்பியோ முடிவில் கணக்குக் காட்டுகிறது: மொத்தம் இத்தனை, நகலெடுத்தது இத்தனை, தோல்வி இத்தனை. அடுத்த முறை மாறாத கோப்புகளைத் தாண்டிச் செல்கிறது. அதற்கும் ஒரு வேடிக்கையான பிடிவாதம் உண்டு. நகலெடுக்க முடியாத கோப்பை, நாம் வேறு சொல்லாவிட்டால், 30 விநாடிக்கு ஒருமுறை 10 லட்சம் தடவை முயலும். கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஓர் ஆண்டு! இரண்டு தடவை போதும் என்று ‘ஆர்’ விருப்பத்தில் சொல்லிவிடுவது நல்லது.

மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஆர்சிங்க் இருக்கிறது. ஆண்ட்ரூ டிரிஜெல், பால் மெக்கரஸ் இருவரும் 1996இல் வெளியிட்டது, இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கட்டளை வரியிலும் ஆபத்து உண்டு. ரோபோகாப்பியில் ‘எம்ஐஆர்’ என்று சேர்த்தால், மூலத்தில் இல்லாததைச் சேருமிடத்திலும் அழித்துவிடும். ஆர்சிங்க்கில் ‘டெலிட்’ அதே வேலையைச் செய்யும். அவசரத்தில் சேருமிடத்தை மாற்றி எழுதினால், அங்கே முன்பே இருந்த வேறு கோப்புகளும் போய்விடும். நான் தப்பிக்க நினைத்த ஒத்திசைவே வேறு வேடத்தில் வந்து நிற்கும்.

பெரியவர்களுக்கும் இது நடக்கிறது. 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழக மீக்கணினியில் காப்பு நகல் எடுக்கும் நிரல் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைத் திருத்திப் புதிய வடிவத்தை மேலே எழுதினார்கள். பழைய பதிவேடுகளை மட்டும் நீக்க வேண்டிய பகுதி, எந்தக் கோப்புறை என்ற பெயரே இல்லாமல் ஓடியது. ஏறக்குறைய 77 டெராபைட், 3 கோடியே 40 லட்சம் கோப்புகள் அழிந்தன. 14 ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. அவற்றில் நான்கு குழுக்களின் தரவை மீட்கவே முடியவில்லை. நகலெடுக்க வந்த நிரலே மூலத்தைத் தின்றுவிட்டது.

அதனால் நான் ‘எம்ஐஆர்’ பக்கம் போவதில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அன்றைய தேதியைப் பெயராகக் கொண்ட புதிய கோப்புறைக்கு நகலெடுக்கிறேன். ஒரு கட்டுரையைக் கெடுத்துச் சேமித்துவிட்டாலும் போன வாரத்து நல்ல படி அப்படியே இருக்கும். இடம் சற்று அதிகம் பிடிக்கிறது, பிடிக்கட்டும். வரியில் எதையாவது மாற்றினால், முதலில் ‘ஸ்லாஷ் எல்’ சேர்த்து ஓட்டுகிறேன். எதையும் தொடாமல், என்ன செய்யப்போகிறது என்று பட்டியல் மட்டும் போடும். ஆர்சிங்க்கில் அதற்கு ‘டிரை ரன்’. மாதம் ஒருமுறை நகலிலிருந்து ஒரு கோப்பைத் தோழியின் கணினியில் திறந்து பார்க்கிறோம். வன்தட்டு மடிக்கணினிப் பைக்குள் இல்லை; பை திருடுபோனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

முதலாம் ஆண்டில் நமக்குப் படவில்லைக் காட்சி செய்யவும் விரிதாளில் கூட்டல் போடவும் கற்றுத் தருகிறார்கள். அந்த வகுப்பில் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்கலாம். இடைநிலைப்பள்ளிக் கணினிக் கழகங்கள் ஒரு சனிக்கிழமையில் முடித்துவிடக்கூடிய வேலை. இறுதியாண்டுத் திட்ட அறிக்கை தொலைந்து அழுதுகொண்டு வருபவருக்குக் கால அவகாசம் கொடுப்பதைவிட இது மலிவு.

பாட்டி மறுபடி பேசினார், முதல் முறையைவிடச் சுருக்கமாக. இரண்டாமவரும் பேசினார். மூன்றாமவர் மகன் வீட்டுக்குக் குடிபெயர்ந்துவிட்டார். நினைவு தடுமாறுகிறது, இப்போதெல்லாம் அதிகம் பேசுவதில்லையாம். அவருடைய பெயரில் என்னிடம் இருப்பது குறிப்பேட்டில் கிறுக்கிய ஒன்றரைப் பக்கம். அதையும் படமெடுத்து வெள்ளிக்கிழமைக் கோப்புறையில் வைத்திருக்கிறேன்.