மைக் செட்டுக்கு 10 மணி... ஜெனரேட்டருக்கு எத்தனை மணி? வாடிவாசல் ராத்திரிகளின் இரைச்சல் கணக்கு

ஜனவரி பிறந்துவிட்டால் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஜல்லிக்கட்டு சீசன்தான். கந்தர்வகோட்டை பக்கம் தச்சங்குறிச்சியில் தொடங்குவது, அன்னவாசல், இலுப்பூர், விராலிமலை என்று ஊர் ஊராகச் சுற்றி, கோடை வரை ஓடும். தமிழ்நாட்டிலேயே அதிக வாடிவாசல் உள்ள மாவட்டம் என்ற பெயரும் இதற்கு உண்டு.

போட்டி நடப்பது பகலில். ஆனால் திடல் முந்தைய ராத்திரியே நிரம்பிவிடும். டோக்கன் வாங்கிய மாட்டுக்காரர்கள் குட்டி யானை வண்டியில் காளையை ஏற்றிக்கொண்டு வந்து வரிசையில் நிற்பார்கள். வண்டிக்கடியில் பாய் விரித்துப் படுப்பார்கள். பக்கத்தில் டீக்கடை, பரோட்டா கடை, கேலரி கட்டும் ஆட்கள், ஃபோகஸ் லைட். இத்தனைக்கும் கரண்ட் கொடுப்பது ஜெனரேட்டர்.

வெளிநாடுகளில் கார் பந்தயத் திடலைச் சுற்றி டென்ட் அடித்துத் தங்குவார்களே, கிட்டத்தட்ட அதே காட்சிதான். 1923-ல் தொடங்கிய பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்துக்கு இன்றும் ரசிகர்கள் அப்படித்தான் போய்த் தங்குகிறார்கள். அந்த மாதிரி முகாம்களில் தீராத சண்டை ஒன்று உண்டு: பக்கத்து டென்ட்காரரின் ஜெனரேட்டர் சத்தம். காது கிழிகிற கார் சத்தத்துக்குக் காசு கொடுத்து வந்தவர்களுக்கு இதில் என்ன கோபம் என்று கேட்கலாம். கார் சத்தம் அவர்கள் கேட்க வந்தது. ஜெனரேட்டர் சத்தம் கேட்காமலே வந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

நம் ஊரிலும் இதே கேள்வியைக் கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒலி மாசு விதிகள் 2000-ம் ஆண்டு வந்தன. அதன்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழா, கலாசார நிகழ்ச்சிகளுக்காக மாநில அரசு ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை தளர்வு கொடுக்கலாம். இது பெரும்பாலும் எல்லோருக்கும் தெரியும். போலீஸ் ஜீப் ஒரு சுற்று வந்தாலே மைக் செட்டுக்காரர் வால்யூமைக் குறைத்துவிடுவார்.

ஆனால் அந்த 10 மணி விதி ஒலிபெருக்கிக்குத்தான். ஜெனரேட்டரை 10 மணிக்கு நிறுத்து என்று அதில் இல்லை. அதனால் மைக் ஓய்ந்த பிறகும் ஜெனரேட்டர் விடிய விடிய ஓடும். 'மைக்கைத்தான் நிறுத்திட்டோமே, இன்னும் என்ன?' என்று விழாக் கமிட்டி கேட்பதும் இதனால்தான்.

அப்படியானால் ஜெனரேட்டருக்கு வரம்பே இல்லையா? இருக்கிறது. இரண்டு வழியில் இருக்கிறது.

ஒன்று, மெஷினுக்கான வரம்பு. 2005 ஜனவரி 1 முதல் தயாரான, 1,000 கே.வி.ஏ. வரையிலான டீசல் ஜெனரேட்டர்கள் கேனோபி என்கிற ஒலித்தடுப்புக் கூடோடுதான் விற்பனைக்கு வர வேண்டும். கூட்டிலிருந்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது.

இரண்டு, இடத்துக்கான வரம்பு. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் போன்றவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கப்படும் இடங்களில் பகலில் 50, இரவில் 40. சத்தம் எந்த மெஷினிலிருந்து வந்தாலும் கணக்கு இதுதான். வரம்பைவிட 10 டெசிபல் அதிகமாகப் போனால் யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம். மாவட்ட ஆட்சியர், டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத போலீஸ் அதிகாரி போன்றோர் நடவடிக்கை எடுக்கலாம்.

2005 ஜூலை 18-ல் ஒலி மாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு இதற்கு அடித்தளம் போட்டுவிட்டது. பேசும் உரிமை எல்லோருக்கும் உண்டு, ஆனால் கேட்க விரும்பாதவர் காதில் சத்தத்தைத் திணிக்கும் உரிமை யாருக்கும் இல்லை. அமைதியாக வாழ்வது அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்பதே அதன் சாரம்.

எத்தனை அடி தள்ளி வைக்கணும்?

இதற்கு ஆப் எதுவும் தேவையில்லை, மனக்கணக்கே போதும். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். 1 மீட்டரில் 75 என்றால், 2 மீட்டரில் 69, 4-ல் 63, 8-ல் 57, 16-ல் 51, 32 மீட்டரில் 45. அதாவது, விதிப்படி செய்த நல்ல கேனோபி செட்டாக இருந்தாலும், அதற்கும் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கும் நடுவே குறைந்தது 100 அடியாவது வேண்டும். சுவரில் பட்டு எதிரொலித்தால் இன்னும் தள்ளி. அதே மாதிரி இரண்டு செட் ஓடினால் 3 டெசிபல் கூடும்.

கேனோபி இல்லாத திறந்த செட்டைப் போட்டால்? கேனோபியால் குறைந்தது 25 டெசிபல் குறைய வேண்டும் என்பது விதி. அதைக் கழற்றிவிட்டு மேலே உள்ள கணக்கையே ஓட்டிப் பாருங்கள். 45-க்கு இறங்க அரை கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. ஒரு சின்ன ஊரில் அரை கிலோமீட்டர் என்றால் பாதி ஊர்.

10 டெசிபல் கூடினால் நம் காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரியும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், 'கொஞ்சம்தானே கூட' என்பதற்கு அர்த்தம் மாறிவிடும்.

யார் தூக்கம் போகிறது?

முதலில் திடலை ஒட்டிக் குடியிருப்பவர்கள். ஏ.சி. போட்டு ஜன்னலை மூடிக்கொள்ள வசதி உள்ளவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, திறந்த ஜன்னல், திண்ணையில் படுக்கை என்று இருப்பவர்களுக்கு அந்த வாய்ப்பு கிடையாது. ஜல்லிக்கட்டு சீசனும் பிளஸ் 2, பத்தாம் வகுப்பு பொதுத் தேர்வு சீசனும் ஒன்றாகவே வருகின்றன.

இரண்டாவது, காளை. மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். மாட்டுக்கு அது சுமார் 35,000 வரை போகும். நமக்கு எட்டாத கீச்சொலிகூட அதற்கு எட்டும். ஜல்லிக்கட்டுக்கான 2017 விதிகள் காளைக்கு நிழல், தண்ணீர், தீவனம், ஓய்வு, கால்நடை மருத்துவர் சோதனை என்று வரிசையாகச் சொல்கின்றன. ராத்திரி முழுக்க ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, காலையில் 'ஓய்வு கொடுத்தாச்சு' என்று சொல்வதில் நியாயம் இல்லை. 2014 தடை, 2017 போராட்டம், 2023 மே 18-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வின் தீர்ப்பு என்று இவ்வளவு தாண்டி மீட்ட விளையாட்டு இது. காளையை நாங்கள் பிள்ளை மாதிரி வளர்க்கிறோம் என்பதுதான் அப்போது சொன்ன வாதம். அந்த வாதம் ராத்திரிக்கும் பொருந்த வேண்டும்.

மூன்றாவது, யாரும் கண்டுகொள்ளாத ஒருவர்: ஜெனரேட்டர் ஆபரேட்டர். 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் காதுக்கு ஆபத்து என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனத்தின் பரிந்துரை. 3 டெசிபல் கூடும் ஒவ்வொரு முறையும் அந்த நேரம் பாதியாகக் குறையும். திறந்த செட்டுக்குப் பக்கத்தில் காதில் பஞ்சுகூட வைக்காமல் படுத்திருக்கும் தம்பிக்கு அந்தக் கணக்கை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சத்தத்தைவிடப் பெரிய ஆபத்து புகை. ஜெனரேட்டர் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தார்ப்பாய் போட்டு மூடிய வண்டிக்குள் தூங்குபவர் பக்கம் புகைக்குழாய் திரும்பியிருந்தால், அவர் எழுந்திருக்காமலே போகலாம்.

'வருஷத்துல ஒரு நாள்தானே பங்காளி?'

இதுதான் வழக்கமான பதில். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஜெனரேட்டரே வேண்டாம் என்று இந்த மாவட்டத்தில் யாரும் சொல்லவும் முடியாது. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்து மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தபோது, குடிதண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் ஓட்டியதும், செல்போனுக்கு சார்ஜ் ஏற்றியதும் வாடகை ஜெனரேட்டர்தான். அந்தச் சத்தம் அன்றைக்கு நிம்மதியாகக்கூட இருந்திருக்கும்.

ஆனால் ஒரு நாள் கணக்கு ஒரு விழாவுக்குத்தான். ஜல்லிக்கட்டு ஒரு நாள், கோயில் திருவிழா சில நாள், காதுகுத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம், துக்க வீடு என்று அவரவர் 'ஒரு நாள்' சேர்ந்தால் கேட்பவருக்கு அது சீசன். மாடு பிடிக்க ஊர் ஊராகப் போகும் காளைக்கு அது வாரா வாரம்.

இன்னொன்றும் உண்டு. புகார் கொடுக்கும் உரிமை காகிதத்தில் எல்லோருக்கும் இருக்கிறது. ஊருக்குள் அதைப் பயன்படுத்துபவர் மறுநாளே 'ஊருக்கு ஆகாதவர்' ஆகிவிடுவார். சாமி காரியத்தைத் தடுத்தார் என்ற பேச்சு வரும். வாடகைக்குக் குடியிருப்பவர், வேறு தெருவிலிருந்து வந்தவர், தனியாக இருக்கும் வயதான அம்மா... இவர்கள் வாயே திறக்க மாட்டார்கள். புகார் வராததால் பிரச்சினை இல்லை என்று கமிட்டி நினைப்பதுதான் பிழை. பாதிக்கப்பட்டவர் வந்து கேட்கும் வரை காத்திருக்காமல், ஜெனரேட்டரைக் கொண்டுவருபவர்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

செலவு அதிகம் இல்லாத சில வேலைகள்:

1. வாடகை பேசும்போதே கேனோபி உள்ள சைலன்ட் செட் என்று கேளுங்கள். மூடி கழன்று தொங்கும் செட் வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

2. லோடைக் குறையுங்கள். 1,000 வாட் ஹாலஜன் 20 போட்டால் 20 கிலோவாட். அந்த இடத்தில் 100 வாட் எல்.இ.டி. ஃபோகஸ் 20 போட்டால் 2 கிலோவாட். மெஷின் சின்னதாகும், டீசலும் மிச்சம்.

3. தற்காலிக மின் இணைப்புக்கு மின்வாரியத்தில் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். கரண்ட் போனால் மட்டும் ஜெனரேட்டர் ஓடட்டும்.

4. வீடு, மாட்டு வரிசை இரண்டிலிருந்தும் 100 அடிக்கு மேல் தள்ளி வையுங்கள். புகைக்குழாய் வெட்டவெளியைப் பார்க்கட்டும். கேபிள் நீளம் கூடினால் அதற்கேற்ற தடிமனில் போடச் சொல்லுங்கள். எர்த் கட்டாயம்.

5. இரவு 10 மணிக்குப் பிறகு பாதை விளக்கு, தண்ணீர் மோட்டார், முதலுதவி இடம் தவிர மற்றதை அணையுங்கள். சின்னக் கடைகள் ஆளுக்கொரு பெட்ரோல் ஜெனரேட்டர் ஓட்டாமல், ஒரே செட்டில் லைன் எடுத்துக் காசைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். லோடுக்கு ஏற்ப இன்ஜின் வேகத்தைக் குறைக்கும் இன்வெர்ட்டர் ஜெனரேட்டர், பேட்டரி விளக்கு என்று மாற்றும் இப்போது கிடைக்கிறது.

அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் ஜெனரேட்டர் சத்தம் 50 அடி தூரத்தில் 60 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று விதியே இருக்கிறது. நம் ஊர் அனுமதிக் கடிதங்களிலும் ஜெனரேட்டர் எங்கே, எந்த வகை, எத்தனை மணி வரை என்று ஒரு வரி சேர்க்க மாவட்ட நிர்வாகத்தால் முடியும். ஆம்புலன்ஸ், தடுப்பு வேலி, கால்நடை மருத்துவர் என்று இத்தனை நிபந்தனை போடும் இடத்தில் இது ஒன்றும் கூடுதல் சுமை இல்லை.

சென்னை, பெங்களூரு, சிங்கப்பூரிலிருந்து லீவு போட்டு ஊருக்கு வரும் இளைஞர்களுக்கு இதில் ஒரு பங்கு உண்டு. லைட் செட், ஜெனரேட்டர் செலவுக்குப் பல ஊர்களில் நன்கொடை தருவது அவர்கள்தான். காசு கொடுப்பவர் சொன்னால் கமிட்டியில் காது கொடுப்பார்கள். 'சித்தப்பா, இந்த வருஷம் சைலன்ட் செட்டாப் பாத்துப் போட்டுருவோம், கூட ஆகுற காசு நான் தர்றேன்' என்று ஜி-பே அனுப்பும்போதே ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் போதும். சண்டையும் இல்லை, புகாரும் இல்லை. திடலை ஒட்டிய வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும் கொஞ்சம் தூங்கும்.