பார்சலை யார் கட்டுவது?

வீட்டிலேயே கடை வைக்கும் காலம் இது. வாசலில் பெயர்ப் பலகை இல்லை. வாடகை இல்லை. கல்லாப் பெட்டி இல்லை. கையில் இருக்கும் செல்போன்தான் கடை.

கோவில்பட்டியில் கடலை மிட்டாய் போடும் ஒரு குடும்பத்தை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். அந்த ஊர் மிட்டாய்க்கு 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊரில் செய்த மிட்டாயைக் கோவில்பட்டி மிட்டாய் என்று சொல்லி விற்கக் கூடாது என்பது அதன் பொருள். ஊரின் பெயருக்கு மதிப்பு உண்டு. சென்னையில் இருந்தும் கோவையில் இருந்தும் செல்போனில் ஆர்டர் வருகிறது.

முதலில் நாளுக்கு 5 பெட்டி. அம்மா மிட்டாய் போடுகிறார். மகள் பெட்டியைக் கட்டுகிறாள். அப்பா தபால் ஆபீசுக்குக் கொண்டு போகிறார். வேலை தெரியவில்லை.

தீபாவளி வருகிறது. நாளுக்கு 60 பெட்டி!

மிட்டாயை அடுக்கி, காகிதம் திணித்து, மூடி ஒட்டி, முகவரி எழுத ஒரு பெட்டிக்கு 8 நிமிஷம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 பெட்டிக்கு 480 நிமிஷம். அதாவது 8 மணி நேரம். பிறகு மிட்டாய் போடுவது எப்போது? அடுப்பு மூட்டுவது எப்போது? மகள் பாடம் படிப்பது எப்போது?

இந்தச் சமயம் பார்த்து ஒருவர் வருவார். "சரக்கை எங்கள் கிடங்கில் இறக்குங்கள். ஆர்டர் வந்தால் நாங்களே கட்டி அனுப்பிவிடுகிறோம்" என்பார்.

கொடுக்கலாமா? கொடுக்கலாம். அதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

இன்று உலகம் முழுவதும் விற்கும் அமேசான் கம்பெனியும் தொடக்கத்தில் இப்படித்தான் திண்டாடியது. 1995ஆம் ஆண்டில் அங்கே புத்தகப் பார்சலைத் தரையில் மண்டி போட்டுக் கட்டினார்கள். முழங்கால் வலித்தது. முதலாளி ஜெப் பெசோஸ், முழங்காலுக்குப் பட்டை வாங்கலாம் என்றார். பக்கத்தில் இருந்தவர், மேஜை வாங்கலாமே என்றார். மறுநாள் மேஜை வந்தது. வேலை இரண்டு மடங்கு ஓடியது. இதைப் பெசோசே பல கூட்டங்களில் சொல்லிச் சிரித்திருக்கிறார். அதே கம்பெனி 2006ஆம் ஆண்டில், மற்றவர்களின் சரக்கையும் தன் கிடங்கில் வைத்துக் கட்டி அனுப்பும் தொழிலைத் தொடங்கியது.

ஆகவே, ஆளை வைப்பதற்கு முன் ஒரு மேஜை போட்டுப் பாருங்கள். அதிலேயே பாதிக் கஷ்டம் தீர்ந்துவிடலாம்.

அதற்கு மேலும் கிடங்குக்காரரிடம் போவதானால், கட்டணச் சீட்டை முழுவதும் படியுங்கள். கட்டும் கூலி மட்டும் பெரிய எழுத்தில் இருக்கும். சரக்கை இறக்கும் கூலி, மாத வாடகை, திரும்பி வந்த பெட்டியைப் பிரிக்கும் கூலி, குறைந்தபட்ச மாதக் கட்டணம் எல்லாம் கீழே பொடி எழுத்தில் இருக்கும். ஆர்டரே வராத மாதத்திலும் அந்தக் குறைந்தபட்சத்தைக் கட்டியாக வேண்டும்.

எடையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கூரியர்க்காரர்கள் தராசை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டி அடைக்கும் இடத்தையும் பார்க்கிறார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, பெரும்பாலும் 5,000 ஆல் வகுக்கிறார்கள். 40, 30, 20 என்ற அளவுள்ள பெட்டி என்றால் 4.8 கிலோ! உள்ளே இருப்பது 2 கிலோ மிட்டாய்தான். ஆனாலும் 4.8 கிலோவுக்குப் பணம் கேட்பார்கள். கிடங்கில் கைக்குக் கிடைத்த பெரிய பெட்டியில் போட்டுக் கட்டினால், போவது உங்கள் பணம்.

தின்பண்டம் என்றால் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். ஈரம் பட்டால் மிட்டாய் நமுத்துப் போகும். முதலில் வந்த சரக்கு முதலில் போக வேண்டும். புதுப் பெட்டி முன்னால் இருக்கிறது என்று அதையே எடுத்து அனுப்பினால், பழையது உள்ளே கிடந்து கெடும். உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் வீட்டுக்குப் பதிவு இருந்தால் மட்டும் போதாது. சரக்கு வைக்கும் கிடங்குக்கும் தனியாக உரிமம் வேண்டும். அந்தச் சீட்டைக் கேட்டுப் பாருங்கள்.

வரி விஷயமும் உண்டு. 1-10-2023 முதல், சிறு வியாபாரிகள் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாமலே பெரிய சந்தைத் தளங்கள் வழியாக விற்கலாம். ஆனால் சொந்த மாநிலத்துக்குள் மட்டுந்தான். அதற்கும் வரித் துறையிடம் ஒரு சேர்க்கை எண் வாங்க வேண்டும். சரக்கை வெளி மாநிலக் கிடங்கில் கொண்டுபோய் வைத்தால், அந்த மாநிலத்தில் பதிவு செய்தாக வேண்டும். கிடங்குக்காரர் இதைச் சொல்லாமலும் விட்டுவிடலாம்.

இனி, வாடிக்கையாளரைப் பிடிக்கும் கதைக்கு வருவோம்.

பெட்டி கட்ட ஒருவர் வந்தது போல, வாடிக்கையாளர் கொண்டுவர இன்னொருவர் வருவார். செல்போனில் விளம்பரம் போடுகிறேன் என்பார். விளம்பரத்தைத் தொட்டு உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் நீங்கள் பணம் தர வேண்டும். ஆளுக்கு 4 ரூபாய் என்று வையுங்கள். 50 பேர் வந்து பார்த்து ஒருவர் வாங்குகிறார். அந்த ஒருவருக்காக நீங்கள் கொடுத்தது 200 ரூபாய். பெட்டிக்கு லாபம் 40 ரூபாய் என்றால், அவர் ஐந்து தடவை வாங்கினால்தான் போட்ட பணம் கைக்கு வரும். ஆறாவது தடவையில்தான் லாபம்.

அவர் ஆறு தடவை வாங்குவாரா? அதை முடிவு செய்வது விளம்பரமா? இல்லை. முதல் பெட்டியைப் பிரித்தபோது மிட்டாய் முழுசாக இருந்ததா, தூளாக இருந்ததா என்பதுதான் முடிவு செய்யும். பெட்டி கட்டுவது ஒரு வேலை, ஆள் பிடிப்பது இன்னொரு வேலை என்று நினைப்பது தவறு. இரண்டும் ஒரே வேலை.

பொய்ப் பாராட்டு எழுதித் தருகிறேன் என்பவரையும் வாசலோடு அனுப்புங்கள். கடைக்காரரே வாங்கியவர் போல எழுதிக்கொள்வதை 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் தடை செய்திருக்கின்றன.

வீட்டில் கொடுத்துப் பணம் வாங்கும் முறை ஆளை இழுக்கும் என்பது உண்மை. இது புதிதும் அல்ல. 1877இலேயே நம் தபால் இலாகா வி.பி.பி. என்று இதைத் தொடங்கிவிட்டது. ஆனால், வாங்க மறுத்துத் திருப்பினால் போகவரச் செலவு இரண்டும் உங்கள் தலையில். 100 பெட்டியில் 20 திரும்பினால் என்ன ஆகும்? 80 பெட்டியின் லாபம் 3,200 ரூபாய். திரும்பிய பெட்டிக்கு 110 ரூபாய் வீதம் நஷ்டம் என்றால் 2,200 ரூபாய். மிச்சம் ஆயிரம்! அனுப்புமுன் ஒரு போன் போட்டு, "அம்மா, நீங்கள்தானே கேட்டீர்கள்? நாளைக்கு வீட்டில் இருப்பீர்களா?" என்று கேட்டால் போதும். இந்த ஒரு பேச்சில் பல பெட்டிகள் தப்பும்.

அந்தப் போனைக் கிடங்குக்காரர் போட மாட்டார். நீங்கள்தான் போட வேண்டும். பெரிய சந்தைத் தளங்களில் விற்றால், வாங்குபவரின் போன் நம்பர் பெரும்பாலும் உங்கள் கைக்கு வராது. அவர் தளத்தின் வாடிக்கையாளர். உங்கள் வாடிக்கையாளர் அல்ல. அங்கேயும் விற்கலாம். ஆனால் உங்களிடம் நேரே வாங்கியவர்களின் பெயரும் முகவரியும் உங்கள் வீட்டு நோட்டில் இருக்கட்டும். அந்த நோட்டை யாருக்கும் விற்காதீர்கள். புகார் கேட்கும் போனும் உங்களிடமே இருக்கட்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்தில் பதில் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்பது விதி. பெட்டி கட்டியவரைக் கைகாட்டி நீங்கள் தப்ப முடியாது.

நமக்குத் தோன்றும் இன்னொரு வழியும் உண்டு. ஒரே தெருவில் பத்துக் குடும்பங்கள் இந்தத் தொழில் செய்தால், பத்துப் பேரும் சேர்ந்து ஓர் அறை எடுக்கலாம். ஒரு தராசு, ஒரு அச்சு மிஷின், இரண்டு மேஜை. அக்கம்பக்கத்துப் பெண்கள் இரண்டு பேருக்கு மாதச் சம்பளம். மகளிர் சுய உதவிக் குழுக்களால் இதைச் செய்ய முடியும். மிட்டாய் போடுகிறவரும் பெட்டி கட்டுகிறவரும் ஒருவரை ஒருவர் முகம் பார்த்துப் பேசலாம். பெட்டி கசங்கினால் அன்றே கேட்கலாம்.

தினமும் மாலையில் தபால் வண்டி அந்த அறை வாசலில் வந்து நின்று பெட்டிகளை ஏற்றிக்கொள்ள வேண்டும். பெரிய வியாபாரிகளின் கிடங்குக்கு வண்டி போகிறது. பத்துக் குடும்பங்களின் பெட்டிகள் ஒரே இடத்தில் இருக்கும்போது, இங்கேயும் வரலாம். ஒவ்வொரு சிற்றூரிலும் இதற்குத் தபால் இலாகா ஏற்பாடு செய்ய வேண்டும். வரும் தீபாவளிக்கு முன்பே செய்ய வேண்டும்.