வண்டி போனது, பெயர் போகவில்லை

போன வாரம் கடற்கரைச் சாலையில் காலை நடைக்குப் போனபோது, என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் தன் பழைய ஸ்கூட்டரை விற்றுவிட்டதாகச் சொன்னார். "பெயர் மாற்றியாச்சா?" என்று கேட்டேன். "ஃபாரத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன் சார், அவங்க பாத்துக்குவாங்க" என்றார். எனக்கு நடையே நின்றுபோனது. அவரிடம் சொன்னதை உங்களிடமும் சொல்லிவிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் காரமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அரசாங்கத்தில் 37 வருடம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். அதற்கு முன் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். என் அப்பா நோத்தேர் அலுவலகத்தில் சாசனங்களைப் படி எடுத்து எழுதும் வேலை பார்த்தார். அங்கே சாசனத்தில் ஒரு வரி காலியாக இருந்தாலும் விடமாட்டார்கள், குறுக்கே கோடு போட்டு அடைப்பார்கள். பத்திரத்தை உரக்கப் படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து. "காலி இடத்துக்குக் கீழே கையெழுத்துப் போடுகிறவன், தன் கையை வெட்டி அடுத்தவனிடம் கொடுக்கிறான்" என்பார் அப்பா. அந்த வீட்டில் வளர்ந்து, அலுவலகத்தில் ஒரு வவுச்சரில்கூடத் தொகை எழுதாமல் கையெழுத்துப் போடாத நான், 2007-இல் என் ஸ்கூட்டரை விற்றபோது என்ன செய்தேன் தெரியுமா? 29-ஆம் எண் படிவம், 30-ஆம் எண் படிவம் இரண்டிலும், வாங்குபவர் பெயரும் தேதியும் இல்லாமல், மெக்கானிக் விரல் வைத்துக் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து நிம்மதியாக டீ குடித்தேன்.

1994-இல் ஆசை ஆசையாக வாங்கிய வண்டி அது. பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போன வண்டி. விற்ற பிறகு அதை நான் மறந்துவிட்டேன், ஆனால் அது என்னை மறக்கவில்லை. நான் ஓய்வு பெற்ற மறு வருடம், 2011-இல், பக்கத்து மாவட்டத்து விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. ஓட்டியவர் முதல் எதிர்மனுதாரர். உரிமையாளர் என்ற முறையில் நான் இரண்டாம் எதிர்மனுதாரர். கொத்தனார் வேலை செய்யும் ஒருவர் வேலை முடிந்து நடந்து வரும்போது என் பழைய ஸ்கூட்டர் இடித்து, அவர் கால் முறிந்துவிட்டது. ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை. வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இல்லை. நான் விற்ற பிறகு யாரும் கட்டவே இல்லை. நடுவில் எத்தனை கை மாறியதோ, யாருக்கும் தெரியாது. மெக்கானிக் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை வந்துவிட்டது.

முதல் வாய்தா அன்று தீர்ப்பாயத்தின் தாழ்வாரத்தில் அந்தக் கொத்தனார் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்தார். என் பெயரைக் கூப்பிட்டதும் நிமிர்ந்து பார்த்து, "உங்க வண்டிங்களா ஐயா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கு ஆம் என்றும் சொல்ல வரவில்லை, இல்லை என்றும் சொல்ல வரவில்லை. மூன்று வருடம் கழித்து தீர்ப்பாயம் எனக்காக அந்தக் கேள்விக்கு ஆம் என்று பதில் எழுதியது. ஓட்டியவரிடம் எடுப்பதற்கு ஒன்றுமில்லை. வட்டியோடு சேர்த்து 2 லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய், ஓய்வு பெற்றபோது வந்த பணத்திலிருந்து போனது. பணம் போனதற்காக இன்று நான் அழவில்லை, அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குத்தான் போனது. ஆனால் எனக்குக் கிடைத்த இந்தப் பாடத்துக்கு அந்த மனிதர் நான்கு வருடம் காத்திருந்தார் என்பதை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 1988-ஆம் வருடத்து மோட்டார் வாகனச் சட்டத்தில், உரிமையாளர் என்றால் யார் என்பதை 2(30)-ஆம் பிரிவு சொல்கிறது. யார் பெயரில் வண்டி பதிவாகி நிற்கிறதோ அவர்தான். பணம் கொடுத்தவர், ஓட்டுகிறவர், வீட்டு வாசலில் நிறுத்தி வைத்திருப்பவர் எல்லாம் பிறகு. கை மாறிக் கை மாறிப் போன ஒரு கார் விபத்து வழக்கில், 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதியாகச் சொல்லிவிட்டது. பெயர் மாறாத வரையில் பதிவேட்டில் இருப்பவர்தான் பொறுப்பு. அடிபட்டவரை, யார் யாருக்கு விற்றார்கள் என்று தேடித் திரிய விடக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். தண்டம் கட்டிய நான் சொல்கிறேன், அந்தத் தீர்ப்பு நியாயமானது.

அதே சட்டத்தின் 50-ஆம் பிரிவின்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள். வேறு மாநிலத்துக்குப் போகிற வண்டி என்றால், தடையில்லாச் சான்றோடு 45 நாளுக்குள். இதில்தான் நம்ம ஊருக்கென்று ஒரு வம்பு இருக்கிறது. கோரிமேட்டைத் தாண்டினால் தமிழ்நாடு. கோட்டக்குப்பம் போனால் தமிழ்நாடு. நமக்கு அது காய்கறி வாங்கப் போகிற தூரம், சட்டத்துக்கு அது வேறு மாநிலம். "இதோ பக்கத்து ஊர்தானே" என்று விற்கிற வண்டிக்கு 28-ஆம் எண் படிவம் கொடுத்துத் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். யார் வாங்குகிறார்கள்? அதனால்தான் சுற்றிலும் உள்ள ஊர்களில் நம்ம பி.ஒய். நம்பர் வண்டிகள், என்றைக்கோ விற்றவர்களின் பெயரைச் சுமந்துகொண்டு ஓடுகின்றன.

"பிரெஞ்சுக்காரன் காலத்தில் இப்படி இல்லை" என்று பெருமூச்சு விடும் நண்பர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். என் தங்கை பாரீஸ் பக்கத்தில் இருக்கிறாள். சில வருடம் முன்பு தன் காரை விற்றாள். அங்கே ஆர்.சி. புத்தகத்துக்குக் கார்த் கிரீஸ், அதாவது சாம்பல் அட்டை, என்று பெயர். விற்கும்போது அந்த அட்டையின் குறுக்கே கோடு போட்டு, இன்ன தேதி, இத்தனை மணிக்கு விற்றேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தேதி மட்டும் போதாது, மணியும் வேண்டும். மத்தியானம் மூன்று மணிக்கு விற்ற காரை நான்கு மணிக்கு ஒருவன் கொண்டுபோய் இடித்தால் யார் பொறுப்பு என்று கேள்வி வருமல்லவா? விற்றவர் 15 நாளுக்குள் அறிவிக்க வேண்டும், வாங்கியவர் ஒரு மாதத்துக்குள் தன் பெயரில் எடுக்க வேண்டும். நம்முடைய 14 நாள், 30 நாளோடு வைத்துப் பாருங்கள். சட்டத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அவர்கள் அட்டையில் கோடு போடுகிறார்கள், நாம் காலி இடத்துக்குக் கீழே கையெழுத்துப் போடுகிறோம். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஏன் போடுகிறோம்? மூன்று காரணம் சொல்வார்கள். செலவு என்பார்கள். 2016 கடைசியில் கட்டணத்தை உயர்த்திய பிறகும் இரு சக்கர வண்டிக்குப் பெயர் மாற்றக் கட்டணம் 150 ரூபாய்தான், அட்டைக்குத் தனியாகக் கொஞ்சம். என் 2 லட்சத்துப் பத்தாயிரத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது, நம்பிக்கை என்பார்கள். "தெரிந்த பையன் சார்." தெரிந்த பையன் தெரியாத பையனுக்கு விற்பான். மூன்றாவது, அந்த ஆபீஸ் பக்கம் போக முடியாது என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. இங்கே நம்மை விட்டுவிட்டு அலுவலகத்தைத் திட்ட வேண்டும்.

சூடு பட்ட பிறகு, மகன் விற்ற மோட்டார் சைக்கிளுக்கு நானே பெயர் மாற்றப் போனேன். எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. முதல் நாள், இன்ஷூரன்ஸ் நகல் இல்லை என்றார்கள். கொண்டுபோனேன். இரண்டாம் நாள், வாங்குபவரின் முகவரிச் சான்று என்றார்கள். மூன்றாம் நாள், வங்கிக் கடன் முடிந்ததற்கு 35-ஆம் எண் படிவம் எங்கே என்றார்கள். கடன் தீர்ந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது, ஆனால் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் அப்படியே இருந்தது. கேட்டது எதுவும் தப்பில்லை. ஆனால் மூன்றையும் முதல் நாளே சொல்லியிருக்கலாம். வெளியே டீக்கடையில் நின்ற புரோக்கர், என் கையில் இருந்த காகிதங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என்னென்ன குறைகிறது என்று ஒரே மூச்சில் சொன்னார். அலுவலகத்துக்குள் கிடைக்க வேண்டிய அறிவு வாசலில் விலைக்குக் கிடைக்கிறது!

விற்றவன் தன் பங்குக்கு 29-ஆம் எண் படிவத்தை மட்டுமாவது கொடுக்கிறேன் என்றால், "வாங்கினவர் வரட்டும் சார்" என்றார்கள். வாங்கினவர் வரமாட்டார் என்பதுதானே ஐயா என் பயமே?

இதை எழுதும்போது எனக்கே குத்துகிறது. நானும் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்தவன். ஒரு மனுவில் ஐந்து குறை இருந்தால் முதலில் கண்ணில் பட்டதை மட்டும் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சோம்பல்தான், வேறொன்றுமில்லை. அப்படித் திரும்பிப் போனவர்கள் எந்த டீக்கடையில் போய் நின்றார்களோ!

ஆகவே அலுவலகத்திடம் நான் கேட்பது இரண்டே விஷயம். ஒன்று, குறை எல்லாவற்றையும் முதல் நாளே ஒரே தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். இரண்டு, விற்றவர் தனியாக வந்து 29-ஆம் எண் படிவம் கொடுத்தாலும் வாங்கி, முத்திரை போட்டு ரசீது கொடுங்கள். இந்த வண்டி இன்ன தேதியில் விற்கப்பட்டது என்று பதிவேட்டில் ஒரு குறிப்பு ஏற்றுங்கள். 14 நாளுக்குள் தெரிவி என்று சட்டம் சொல்கிறது. தெரிவிக்க வந்தவனைத் திருப்பி அனுப்பினால் அந்தச் சட்டம் எதற்கு?

நம் வயதுக்காரர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகியும் வண்டி அவர் பெயரிலேயே நிற்கிற வீடுகள் எனக்குத் தெரியும். இறந்த 30 நாளுக்குள் தெரிவித்துவிட்டு, மூன்று மாதத்துக்குள் 31-ஆம் எண் படிவத்தில் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். பேரன் அந்த வண்டியை எடுத்து ஓட்டுவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள்.

விற்றுவிட்ட பழைய வண்டியின் எண்ணை பரிவாகன் தளத்தில் போட்டுப் பாருங்கள், அல்லது பேரப்பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். பெயரில் சில எழுத்துகளை மறைத்திருப்பார்கள். ஆனால் அவரவர் பெயர் அவரவருக்குத் தெரியாமலா போகும்?

கடற்கரை நண்பர் நேற்று வீட்டுக்கு வந்தார். வண்டியை வாங்கிய பையனைத் தேடிப் பிடித்துவிட்டாராம். திங்கட்கிழமை இருவரும் சேர்ந்து பதிவு அலுவலகத்துக்குப் போகிறார்கள். என்னென்ன காகிதம் வேண்டும் என்று கேட்டார். எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தேன். எழுதி முடித்து, மீதி இருந்த காலி இடத்தில் ஒரு கோடும் போட்டேன்.