கிளம்பிடுச்சு கிளமாடிஸ்!

எனக்கும் பூவுக்கும் உள்ள சம்பந்தம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் விட்டு வரும்போது ரெண்டு முழம் மல்லி வாங்கி வருவதோடு சரி. அதுவும் வீட்டிலிருந்து போன் வந்தால்தான். அப்படிப்பட்ட நான் போன சித்திரையில் ஒரு கொடிக்காகத் தூக்கத்தைத் தொலைத்தேன் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும். ஃப்ரிட்ஜில் ஐஸ் தீர்ந்துபோன கணக்கு என் சகதர்மிணியிடம் இருக்கிறது.

எங்கள் ஊர் சின்னசேலம். பெயரைச் சொன்னதுமே சென்னைக்காரர்கள், "ஓ, சேலமா? மாம்பழம் உண்டே!" என்பார்கள். சேலம் வேறு சார். அங்கிருந்து ஆத்தூர், தலைவாசல் எல்லாம் தாண்டி, விருத்தாசலம் போகிற ரயில் பாதையில் வருகிற ஊர் இது. 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனபோது நாங்களும் விழுப்புரத்தை விட்டு இதில் சேர்ந்துகொண்டோம். வடக்கே பார்த்தால் கல்வராயன் மலை நீலமாக, குளுகுளுவென்று தெரியும். தெரியும், அவ்வளவுதான். அந்தக் குளிர்ச்சி கீழே இறங்கி வராது. சித்திரை மாசம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் அப்பளம் காயப் போட்டால், கொஞ்சம் அசந்தால் பொரிந்தே விடும் போலிருக்கும்.

விவகாரம் ஆரம்பித்தது ஆபீஸில், சாப்பாட்டு நேரத்தில். பக்கத்து ஸீட் தம்பி தன் செல்போனில் ஒரு படம் காட்டினான். வெள்ளைக்காரன் வீடு ஒன்று. வாசல் வளைவு முழுக்க, உள்ளங்கை அகலத்துக்கு ஊதாப் பூக்கள்!

"கிளமாடிஸ் சார். ஆன்லைன்ல கிடைக்குது. கொடிகளுக்கெல்லாம் ராணின்னு சொல்றாங்க. உங்க வீட்டு முன்னால இது ஏறிச்சுன்னு வைங்க, வீடு ஊட்டி ஆயிடும்!"

ஊட்டி என்ற வார்த்தை போதாதா? அன்று ராத்திரியே ஆர்டர் போட்டுவிட்டேன். விலையை வீட்டில் பாதியாகக் குறைத்துச் சொன்னேன். (குடும்ப அமைதிக்காகச் சொல்லும் பொய் பொய்யாகாது.)

ராணி வருகிறாள் என்றால் சிம்மாசனம் வேண்டாமா? எங்கள் வீட்டு முன்பக்கச் சுவர் மேலே முள்கம்பி. அதில் ஒரு சங்குப்பூக் கொடி வருஷக் கணக்காக ஏறி, படர்ந்து, தொங்கிக்கொண்டிருந்தது. நீலப் பூ. தண்ணீர் ஊற்றினாலும் ஊற்றாவிட்டாலும் பூக்கும். அப்படிப்பட்ட ஆசாமிகளுக்கு ஆபீஸில் என்ன மரியாதை கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும். வீட்டிலும் அதே மரியாதைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அரிவாளோடு இறங்கினேன்.

திண்ணையில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ரைஸ் மில்லில் முப்பது வருஷம் கணக்கெழுதியவர். அம்மா போய் மூணு வருஷம் ஆச்சு. அதற்கப்புறம் பேச்சையும் கணக்காகத்தான் செலவு செய்கிறார்.

"அப்பா, இதை எடுத்துட்டுப் புதுசா ஒண்ணு வைக்கப் போறேன்."

நிமிர்ந்து பார்த்தார். "உன் இஷ்டம்டா" என்றார். மறுபடி பேப்பர். ரெண்டு மணி நேரம் வெட்டிப் பிடுங்கி முடித்தபோதும் அவர் அதே பக்கத்தில்தான் இருந்தார். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. வெட்டின கொடியைப் பால்காரர் சந்தோஷமாகக் கட்டி எடுத்துப் போனார். "மாடு ஒரு இலை விடாதுங்க!"

புதன்கிழமை ராணி வந்து சேர்ந்தாள், அட்டைப் பெட்டியில். பென்சில் கனத்துக்கு ஒரு குச்சி, ரெண்டு இலை. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: 'தலை வெயிலில் இருக்க வேண்டும், கால் நிழலில் இருக்க வேண்டும்.' எங்கள் ஊரில் கலெக்டருக்கே அந்த வசதி கிடையாது!

விடுவேனா? வேரைச் சுற்றி ஓட்டுத் துண்டு அடுக்கினேன். அதன்மேல் ஈரச் சாக்கு. மத்தியானம் ஆபீஸிலிருந்து சாப்பிட வரும்போது ஐஸ் கட்டிகளை எடுத்துப் போய் வைத்தேன். "ஏங்க, மாமாவுக்கு மோர்ல போட ஐஸ் இல்ல. குச்சிக்கு அபிஷேகமா?" என்றாள் அவள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கிளமாடிஸ் சரித்திரம் படித்துக்கொண்டிருந்தேன்.

சரித்திரம் என்னவோ பெரிசுதான். இந்த இனத்தில் முந்நூறு ஜாதிபோல இருக்கிறதாம். 1858-ல் இங்கிலாந்தில் வோக்கிங் என்ற ஊரில் ஜாக்மன் நர்சரிக்காரர்கள் கலப்பு செய்து உண்டாக்கிய ஊதாப் பூதான் இன்றைக்கும் பிரபலம். அதற்குப் பெயரே 'ஜாக்மனி'. சார்லஸ் டார்வின் இந்தக் கொடி எப்படி ஏறுகிறது என்று உட்கார்ந்து பார்த்து 1865-ல் எழுதியிருக்கிறார். மற்ற கொடிகள் தண்டைச் சுற்றும், அல்லது பற்றுக்கம்பி விடும். இது இலைக்காம்பாலேயே பிடித்துக்கொண்டு ஏறுமாம். பிரான்சில் ஒரு ஜாதிக்குப் 'பிச்சைக்காரர் பச்சிலை' என்று பெயர். சாறு பட்டால் தோல் புண்ணாகும். அந்தக் காலத்துப் பிச்சைக்காரர்கள் இலையைத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டு இரக்கம் சம்பாதிப்பார்களாம். (மெடிக்கல் லீவ் தேவைப்படும் நண்பர்கள் இந்த வரியை மறந்துவிடவும்.)

நம் கிழக்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில்கூட இதன் உறவுக்காரி ஒருத்தி உண்டு. சின்னச் சின்ன வெளிர் பூவாகப் பூத்து, விதைக்குப் பஞ்சு வால் முளைத்துப் பறப்பாள். மலையில் அவளுக்குக் குளிர்ச்சி இருக்கிறது. குளிர் தேசத்தில் பிறந்த என் ராணிக்கோ, வருஷத்தில் சில மாதம் குளிரில் தூங்கி எழுந்தால்தான் உடம்புக்கு ஒத்துக்கொள்ளும். அவளைக் கொண்டுவந்து சின்னசேலத்தில், சித்திரை வெயிலில், சிமென்ட் சுவர் பக்கத்தில் நிறுத்தினால்?

பத்தொன்பதாவது நாள் காலையில் சகதர்மிணி காபியோடு செய்தியும் கொண்டு வந்தாள்.

"உங்க கிளம்பிட்டீஸ் கிளம்பிடுச்சுங்க."

போய்ப் பார்த்தேன். இலைக்காம்பு எதையும் பிடிக்கவில்லை. என் உயிரைத்தான் பிடித்துவிட்டுப் போயிருந்தது.

இதோடு விட்டிருந்தால் நஷ்டம் பணத்தோடு போயிருக்கும். அடுத்த வாரம் ஆபீஸில் பிறந்தநாள் கொண்டாடிய ஒரு அம்மணி, கண்ணாடி டம்ளர்களில் எல்லாருக்கும் நீல நிறத்தில் ஏதோ கொடுத்தார். எலுமிச்சம்பழத்தை ரெண்டு சொட்டு பிழிந்ததும், நீலம் அப்படியே ஊதாவாக மாறியது! ஆபீஸே கைதட்டியது. "ப்ளூ டீ. ஐம்பது கிராம் முந்நூத்துச் சொச்சம். பெரிய கடையிலதான் கிடைக்கும்" என்றார் பெருமையாக.

பாக்கெட்டை வாங்கிப் பார்த்தேன். மேலே படம். நான் பால்காரர் மாட்டுக்கு இலவசமாகக் கொடுத்தனுப்பிய அதே சங்குப்பூ!

நிலத்தில் விழுந்து கும்பிட்டேன் என்று எழுத ஆசைதான். வாய் திறக்காமல் குடித்தேன். அப்புறம் விசாரித்ததில் தெரிந்தது: தாய்லாந்தில் விருந்தாளிக்கு இதைத்தான் கொடுக்கிறார்கள். மலேசியாவில் கிளந்தான் பக்கம் இந்தப் பூவை வைத்துச் சோற்றையே நீலமாக்குகிறார்கள். 2021-ல் அமெரிக்க அரசாங்கம் இதை உணவுச் சாயமாக அனுமதித்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் மாட்டுத் தீவனத்துக்காகவே பயிர் செய்கிறார்கள். (பால்காரர் மாட்டுக்கு இது முன்பே தெரியும்.) அவரை இனம் என்பதால், வேரில் முடிச்சு விட்டுக் காற்றிலிருக்கிற நைட்ரஜனை எடுத்து மண்ணுக்கு உரமும் சேர்க்கிறது. தாவரவியல் பெயரின் முதல் பாதியை குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது. பின்பாதி 'டெர்நேட்டியா'. இந்தோனேசியாவில் உள்ள டெர்நேட் தீவின் பெயர் அது. ஒரே ஒரு எச்சரிக்கை: பூவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விதையும் வேரும் நாட்டு வைத்தியத்தில் பேதி மருந்து!

இதையெல்லாம் அன்று ராத்திரி சாப்பிடும்போது ஒரு ஜோக் மாதிரி அவளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"நீங்க காலைல ஏழரைக்கு எந்திரிக்கிறவரு. உங்களுக்கு எங்க தெரியும்? மாமா தெனம் ஆறு மணிக்கு அந்தக் கொடியில அஞ்சாறு பூ பறிச்சு அத்தை படத்துக்கு வைப்பாரு. அத்தை வச்ச கொடிங்க அது. இப்ப ஒரு மாசமா படத்துக்குப் பூ இல்ல. நான் மல்லி வச்சாக்கூட, 'வேணாம்மா, நீ தலையில வச்சுக்க'ன்னுட்டாரு."

"ஏன் அப்பவே சொல்லல?"

"நீங்க வெட்டின அன்னிக்கு நான் எங்கம்மா வீட்ல இருந்தேன். மாமாதான் சொல்ல வேணாம்னாரு. 'புள்ள ஆசையா ஏதோ வைக்கிறான்'னாரு."

அதற்கப்புறம் சாம்பார் தொண்டையில் இறங்கவில்லை.

மறுநாளிலிருந்து சங்குப்பூ வேட்டை. வேண்டாத நாளில் வேலிக்கு வேலி கண்ணில் பட்டது, வேண்டிய நாளில் ஒன்றுகூட இல்லை. ஏரிக்கரை பார்த்தேன், ஸ்டேஷன் ரோடு பார்த்தேன். பால்காரரிடம் போய், "ஒரு காஞ்ச நெத்தாவது மிச்சம் இருக்குமா?" என்றேன். "என்னண்ணே, மாடு விதையப் பிரிச்சு வச்சிட்டா திங்கும்?" என்றார். நியாயமான கேள்வி.

கடைசியில் எங்கள் ஆபீஸ் பியூன் அண்ணன்தான் காப்பாற்றினார். அவருக்கு மலையடிவாரத்தில் ஒரு கிராமம். திங்கட்கிழமை காகிதத்தில் ஒரு கைப்பிடி நெற்று மடித்துக்கொண்டு வந்தார். "எங்க வேலியில கிடக்குது சார். இதுக்கா மூஞ்சி இப்படி வாடிக் கிடக்கு?"

விதை வைக்கும் முறையை அவரே சொன்னார். இளைஞர்கள் குறித்துக்கொள்ளலாம், செலவு பூஜ்யம். விதைக்குத் தோல் கெட்டி. ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊற வைக்க வேண்டும். காலையில் உப்பினதை எடுத்து விதைக்கலாம். உப்பாததைச் சொரசொரப்பான தரையில் லேசாகத் தேய்த்து மறுபடி ஊறப் போட வேண்டும். அரை அங்குல ஆழம் போதும். நல்ல வெயில் வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. ஏறுவதற்கு ஒரு சணல் கயிறு. பூக்க ஆரம்பித்த பிறகு நெற்று முற்றுவதற்கு முன் பறித்துப் பறித்து விட்டால் பூ நிற்காது. இவ்வளவுதான். ஐஸ் கட்டி எல்லாம் வேண்டாம்!

எட்டாம் நாள் முளை. நான் ஏழரை மணி ஆசாமி ஆறு மணிக்கே எழுந்து சுவரடியில் நின்றேன். அப்பாவும் வந்து நிற்பார். ரெண்டு பேரும் பேசிக்கொள்ள மாட்டோம். ஒரு நாள் கயிறு தளர்ந்திருந்தது. அவரே இழுத்துக் கட்டினார். இன்னொரு நாள், "பூச்சி எதுவும் இல்லியே?" என்றார். ஒரு மாசத்தில் எனக்கு ஒதுக்கப்பட்ட மூணு வார்த்தை!

நாற்பத்தேழாவது நாள் முதல் பூ. ஓடினேன். பார்த்தேன். தலையில் கை வைத்துக்கொண்டேன்.

வெள்ளை!

சங்குப்பூவில் நீலமும் உண்டு, வெள்ளையும் உண்டு. பியூன் அண்ணன் வீட்டு வேலியில் இருப்பது வெள்ளை. கலர் என்ன என்று கேட்கத் தோன்றவே இல்லை எனக்கு. அம்மா வைத்தது நீலம். நான் பிடுங்கியது நீலம். இப்போது நிற்பது வெள்ளை.

அப்பா பின்னால் வந்து நின்றார். "அப்பா... கலர் மாறிடுச்சுப்பா. வேற விதை தேடிப் பார்க்கறேன்" என்றேன். பாதிக்கு மேல் குரல் வரவில்லை.

அவர் பூவை ரொம்ப நேரம் பார்த்தார். திடீரென்று சிரிப்பு. மூணு வருஷத்தில் நான் பார்க்காத சிரிப்பு.

"உங்கம்மா கேட்டது வெள்ளைதான்டா. சிவனுக்கு வைக்கணும்னா. நான் மில்லுக்காரர் வீட்லேருந்து நீலத்தக் கொண்டாந்து குடுத்துட்டேன். பூத்தப்புறம்தான் தெரிஞ்சுது. 'ஒரு விதை வாங்கக்கூட கலர் கேட்டு வாங்கத் தெரியாதா'ன்னு இருவது வருஷம் சொல்லிக் காட்டினா!"

பூவைப் பறித்துக்கொண்டு உள்ளே போனார். நான் வாசலிலேயே நின்றேன். கூடத்திலிருந்து அவர் குரல் கேட்டது.

"இந்தா. நீ கேட்ட வெள்ளை."

எதிர்வீட்டு ரிட்டயர்டு தமிழ் வாத்தியாரிடம் இதைச் சொன்னேன். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் பூக்களில் 'செருவிளை', 'கருவிளை' என்று ரெண்டும் பக்கத்துப் பக்கத்தில் வருகிறதாம். செருவிளை வெள்ளைச் சங்குப்பூ, கருவிளை நீலம். "அதனால நீலமும் ஒண்ணு வச்சிடுப்பா" என்றார்.

வைக்கத்தான் போகிறேன். நீல விதை தருவதாக ஒருவர் சொல்லியிருக்கிறார். அதை வீட்டில் சொன்னபோது அப்பா பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலேயே மருமகளிடம் சொன்னார்:

"இந்தத் தடவையாவது கலர் கேட்டு வாங்கிட்டு வரச் சொல்லும்மா."