மீதிச் சில்லறை எங்கே?

பஸ்ஸில் ஏறி 50 ரூபாய் நோட்டை நீட்டுகிறோம். சீட்டு 13 ரூபாய். கண்டக்டரிடம் சில்லறை இல்லை.

அவர் என்ன செய்வார்? சீட்டின் பின்புறத்தில் “37” என்று எழுதிக் கொடுப்பார். “இறங்கும்போது கேட்டு வாங்கிக்கோங்க” என்பார்.

மறந்து இறங்கினால் நம் பிழை. கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காவிட்டால் பஸ்ஸில் இருக்கும் பாதிப் பேர் நமக்காகப் பேச எழுந்து விடுவார்கள்!

இப்போது சில்லறைத் தொல்லையே வேண்டாம் என்று ஒரு அட்டை வந்திருக்கிறது. முன்கூட்டியே அதில் பணத்தைப் போட்டு வைக்க வேண்டும். ரயில் நிலையக் கதவில் காட்டினால் கதவு திறக்கும். பஸ்ஸில் கண்டக்டரின் இயந்திரத்தில் காட்டினால் சீட்டு வரும். நல்ல அட்டைதான். குறை சொல்வதற்கில்லை.

ஆனால், ஊர் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது அதில் மிஞ்சி இருக்கும் பணத்தை யாரிடம் கேட்பது?

இதுதான் நம் கேள்வி.

அது என்ன அட்டை?

“ஒரே நாடு, ஒரே அட்டை” என்ற பேச்சோடு 2019-ம் ஆண்டு மார்ச் 4-ந் தேதி மத்திய அரசு தொடங்கி வைத்த திட்டம் இது. தேசியப் பொதுப் போக்குவரத்து அட்டை என்று பெயர். சுருக்கமாக என்.சி.எம்.சி. என்கிறார்கள். ஒரு நகரத்தில் வாங்கியது அடுத்த நகரத்திலும் செல்ல வேண்டும் என்பது நோக்கம்.

சென்னையில் இதற்குச் “சிங்காரச் சென்னை அட்டை” என்று பெயர். பாரத ஸ்டேட் வங்கியும் சென்னை மெட்ரோ ரயில் நிறுவனமும் சேர்ந்து 2023 ஏப்ரலில் கொண்டு வந்தன. முதலில் மெட்ரோ ரயிலில் மட்டும் செல்லுபடி ஆயிற்று. 2025 ஜனவரியில் மாநகரப் பஸ்களுக்கும் வந்தது. மெட்ரோவில் முன்பு ஒரு பழைய அட்டை இருந்தது அல்லவா? அதில் பணம் ஏற்றுவதை 2025 ஆகஸ்டு 1 முதல் நிறுத்தி விட்டார்கள். ஆகவே, சென்னைக்குப் போகிறவர்கள் அட்டை கேட்டால் இந்த அட்டைதான் கைக்கு வரும்.

பாம்பனில் இருந்து ஒரு குடும்பம்

பாம்பனில் ஒரு மீனவக் குடும்பம் என்று வைத்துக் கொள்வோம். அப்பா, அம்மா, அப்பத்தா, இரண்டு பிள்ளைகள். ஆக, ஐந்து பேர்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன் பிடிக்கத் தடை. பிள்ளைகளுக்கும் அப்போதுதான் பள்ளி விடுமுறை. வெளியூர் போக ஓய்வு கிடைப்பது அந்த நாட்களில்தான். கையில் காசு ஓட்டம் குறைவதும் அதே நாட்களில்தான்!

பிள்ளைகள் விடுவார்களா? “கடலை தினம் பார்க்கிறோம். விமானம் பார்க்க வேண்டும்” என்று அடம். சரி என்று ராமேசுவரத்தில் ரயில் ஏறுகிறார்கள். மறுநாள் காலையில் சென்னை.

எழும்பூரில் மெட்ரோ ரயில் நிலையம் இருக்கிறது. அங்கே ஏறி, ஆலந்தூரில் வண்டி மாறினால் விமான நிலையத்திற்கே போய் விடலாம். கவுண்டரில் கேட்கிறார் அப்பா. “கார்டு வாங்கிக்கோங்க. சலுகை உண்டு” என்று வரிசையில் நிற்கும் ஒருவர் சொல்கிறார். பொய் இல்லை. அட்டையில் போனால் கட்டணத்தில் 20 சதவீதம் குறைப்பதாக மெட்ரோ நிறுவனம் அறிவித்திருக்கிறது.

இங்கேதான் குடும்பத்தலைவர் நின்று யோசிக்க வேண்டும்.

மெட்ரோ கதவில் ஒரு அட்டைக்கு ஒரு ஆள். உள்ளே போகும்போது ஒரு முறை காட்ட வேண்டும். வெளியே வரும்போது இன்னொரு முறை காட்ட வேண்டும். அப்போதுதான் எவ்வளவு தூரம் போனோம் என்று கணக்குப் பார்த்துப் பணத்தைக் கழித்துக் கொள்ளும். அப்பா தன் அட்டையைக் காட்டிவிட்டு, “பின்னால் வா” என்று மகனுக்கு நீட்ட முடியாது. ஐந்து பேருக்கும் அட்டை என்றால் ஐந்து அட்டை. ஐந்திலும் முன்பணம்.

பஸ்ஸில் கதை வேறு. 2021 மே மாதம் தொடங்கிய திட்டப்படி சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அம்மாவுக்கும் அப்பத்தாவுக்கும் அங்கே அட்டையும் வேண்டாம், காசும் வேண்டாம். மின்சார ரயில் என்றால் அதற்கு ரயில்வே சீட்டு தனி. ஆக, இரண்டு நாள் சுற்றுப் பயணத்தில் அட்டைக்கு உள்ள வேலை நாம் நினைப்பதை விடக் குறைவு.

மணியார்டர் போல!

இந்த அட்டையில் வெளியூர்க்காரர்களைத் திணற வைக்கும் ஒரு சங்கதி உண்டு. அதை விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

அட்டைக்குள் ஒரு சிறு சில்லு இருக்கிறது. பயணத்துக்கான பணம் அந்தச் சில்லில் எழுதப்பட்டிருக்கும். கதவு அந்தச் சில்லைத்தான் படிக்கிறது. வங்கியைக் கேட்பதில்லை. அதனால்தான் கண் மூடித் திறப்பதற்குள் கதவு திறக்கிறது. கூட்ட நேரத்தில் ஒவ்வொரு ஆளுக்கும் வங்கியைக் கேட்டுக் கொண்டிருந்தால் வரிசை நடைபாதை வரை வந்து விடும்!

செல்போன் மூலம் 200 ரூபாய் ஏற்றுகிறோம். “பணம் வந்து விட்டது” என்று தகவலும் வருகிறது. எங்கே வந்தது? வங்கியின் கணக்குக்கு வந்தது. சில்லுக்கு இன்னும் வரவில்லை. கதவில் காட்டினால், “பணம் போதாது” என்கிறது. பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். அப்பாவுக்கு வியர்க்கிறது.

மணியார்டர் நமக்குத் தெரியும். மகன் சென்னையில் பணம் கட்டி விட்டான். தபாலாபீசுக்கும் வந்து விட்டது. ஆனாலும், தபால்காரர் வந்து கையில் கொடுக்கும் வரை அரிசி வாங்க முடியுமா? அதே கணக்குத்தான். நிலையத்தில் உள்ள இயந்திரத்திலோ கவுண்டரிலோ அட்டையை வைத்து, வங்கியில் இருக்கும் பணத்தைச் சில்லுக்கு இறக்கிக் கொள்ள வேண்டும். பிறகு கதவு திறக்கும்.

கவுண்டரில் ரொக்கம் கொடுத்து ஏற்றச் சொன்னால் இந்தத் தொல்லை குறைவு. “சில்லில் ஏறி விட்டதா?” என்று கேட்டுவிட்டு நகருங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். படித்தவர்களும் இதில் தடுமாறுகிறார்கள்.

இன்னொன்று. சில்லில் உள்ள பணத்தைச் செலவு செய்ய ரகசிய எண் கேட்பதில்லை. அட்டை தொலைந்தால் பணப்பை தொலைந்த மாதிரிதான். எடுத்தவன் பயணம் செய்து விடுவான். அப்பத்தாவின் சுருக்குப் பை இருக்கிறதே, அதில் போட்டு இடுப்பில் செருகி வைப்பது உத்தமம்.

பணம் திரும்புமா?

இனி, நம் கேள்விக்கு வருவோம்.

இரண்டு நாள் முடிந்து விட்டது. விமானம் பார்த்தாயிற்று. மெரினாவில் சுண்டல் தின்றாயிற்று. ஒவ்வொரு அட்டையிலும் 60 ரூபாய் மிச்சம் என்று வைத்துக் கொள்வோம். ஐந்து அட்டைக்கு 300 ரூபாய்.

சென்னையில் இருப்பவருக்கு இது நஷ்டம் இல்லை. நாளைக் காலையில் வேலைக்குப் போகும்போது செலவாகி விடும். பாம்பன்காரருக்கு நாளைக் காலையில் மெட்ரோ ரயில் ஏது?

போக்குவரத்துக்கென்றே வங்கிகள் கொடுக்கும் முன்பண அட்டைகளுக்கு 2024 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி விதி வகுத்தது. பெயர், விலாசம் சரிபார்க்காமலே கொடுக்கலாம். அதிகபட்சம் 3,000 ரூபாய் வைத்துக் கொள்ளலாம். ஆனால், போட்ட பணத்தை ரொக்கமாக எடுக்க முடியாது. திருப்பிக் கேட்கவும் முடியாது. இன்னொருவருக்கு மாற்றவும் முடியாது.

இந்த விதிக்குக் காரணம் இல்லாமல் இல்லை. யார் என்றே தெரியாத ஒருவர் ஆயிரக்கணக்கில் போட்டு, வேறு ஒருவர் வேறு ஊரில் எடுத்தால் கள்ளப் பணத்துக்கு வழி திறந்து விட்டது போல ஆகும். அரசாங்கம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியதுதான்.

ஆனால், 60 ரூபாயில் என்ன கள்ளப் பணம் இருக்கிறது? குடும்பத்தோடு ஊர் பார்க்க வந்தவரின் மீதிச் சில்லறை அது. படகு கரையில் நிற்கும் மாதத்தில் 300 ரூபாய் என்பது வீட்டுக்கு ஒரு வார எண்ணெய், பருப்புச் செலவு. “சிறு தொகைதானே” என்று சொல்லலாம். யாருக்குச் சிறு தொகை?

ஒருவருக்கு 60 ரூபாய். ஆயிரம் பேருக்கு 60 ஆயிரம் ரூபாய். சென்னைக்கு நாள்தோறும் வந்து போகிறவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! பயணம் செய்யாத பயணத்துக்குப் பணம் வாங்குவது நியாயமா?

பிற நாடுகளில்

ஹாங்காங்கில் 1997-லேயே இப்படி ஒரு அட்டை வந்து விட்டது. ஆக்டோபஸ் என்று பெயர். லண்டனில் 2003-ல் ஆய்ஸ்டர் அட்டை வந்தது. இரண்டிலும் மிஞ்சிய பணத்தைத் திரும்பப் பெற வழி உண்டு. ஜப்பானில் சுற்றுலாப் பயணிகளுக்கென்று ஒரு சுய்கா அட்டை கொடுக்கிறார்கள். 28 நாள் செல்லும். மீதியைத் திருப்பித் தர மாட்டார்கள். ஆகவே, வெளிநாடு என்றால் எல்லாம் ஒழுங்கு என்று நினைக்க வேண்டாம்!

அவ்வளவு தூரம் போவானேன்? சென்னை மெட்ரோவே சுற்றுலாப் பயணிகளுக்கு ஒரு நாள் அட்டை கொடுத்தது. 100 ரூபாய் கட்டணம், 50 ரூபாய் முன்பணம். நாள் முழுவதும் எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம். மாலையில் அட்டையைத் திருப்பிக் கொடுத்தால் 50 ரூபாய் கைக்கு வரும். வந்தவரும் திருப்தி, கொடுத்தவருக்கும் நஷ்டம் இல்லை. அந்த வழக்கத்தைத்தான் புதிய அட்டைக்கும் கேட்கிறோம்.

போட் மெயில் சீட்டு

பாம்பன்காரர்களுக்கு “ஒரே சீட்டு” என்பது புதுமை அல்ல. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தார்கள். சென்னை எழும்பூரில் ஒரே சீட்டு வாங்கினால் போதும். ரயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயிலில் கொழும்பு! ரயில், கப்பல், ரயில். எல்லாவற்றுக்கும் ஒரு சீட்டு. கடல் தாண்டிப் போக அந்தக் காலத்திலேயே அந்த வசதி இருந்தது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டு போயிற்று. வண்டியின் பெயரை மட்டும் ஜனங்கள் விடவில்லை. இன்றும் “போட் மெயில்” என்றுதான் சொல்கிறார்கள்.

அந்தச் சீட்டில் ஒரு நேர்மை இருந்தது. போகிற தூரத்துக்குத்தான் பணம். “கூடுதலாகப் போட்டு வை. மிஞ்சினால் எங்களோடு இருக்கட்டும்” என்று யாரும் சொல்லவில்லை.

2025 ஏப்ரல் 6-ந் தேதி பாம்பனில் புதிய ரயில் பாலம் திறக்கப்பட்டது. நடுவில் 72.5 மீட்டர் நீளமுள்ள இரும்புப் பகுதி, கப்பல் வந்தால் அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் உயரத்துக்கு எழும்புகிறது. ஊரே திரண்டு வேடிக்கை பார்த்தது. அத்தனை பெரிய பாலத்தைத் தூக்கி நிறுத்த இயந்திரம் செய்த நாட்டில், 60 ரூபாயைத் திருப்பிக் கொடுக்க ஒரு இயந்திரம் செய்ய முடியாதா?

முடியும். 200 ரூபாய்க்கு உட்பட்ட மீதியை, அட்டையைத் திருப்பிக் கொடுத்தால் கவுண்டரிலேயே தரலாம் என்று ரிசர்வ் வங்கி விதியைத் திருத்தினால் போதும். எழும்பூர், சென்ட்ரல், விமான நிலையம் ஆகிய மூன்று இடங்களில் மட்டும் தொடங்கினாலும் வெளியூர்க்காரர்களில் பெரும்பாலோருக்கு வழி பிறந்து விடும். கிராமத்து டவுன் பஸ்களில் எல்லாம் இந்த அட்டை செல்லும் நாள் வந்தால் பாதிச் சிக்கல் தானாகவே தீரும். மீதிப் பணம் உச்சிப்புளி சந்தைக்குப் போகும் பஸ்ஸில் செலவாகும்!

அதுவரையில், இந்தக் கோடையில் சென்னைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒன்றிரண்டு தடவைதான் மெட்ரோவில் போகப் போகிறீர்கள் என்றால் கவுண்டரில் சாதாரணச் சீட்டே வாங்குங்கள். ஒரு வாரம் தங்குகிறவர்கள் அட்டை வாங்கலாம். முதலில் 100 ரூபாய்க்கு மேல் போடாதீர்கள். வெளியே வரும்போது கதவில் மீதி எவ்வளவு என்று தெரியும். அதைப் பார்த்துக் கொண்டே வந்து, கடைசி நாள் பயணத்தை அட்டையிலேயே முடியுங்கள்.

அப்படியும் மிஞ்சினால் அட்டையைத் தூக்கி எறிய வேண்டாம். அதில் அச்சிட்டுள்ள காலாவதி மாதத்தைப் பாருங்கள். வீட்டில் அடுத்து யார் சென்னைக்குப் போகிறார்களோ, அவர்களுக்கு உதவும். மேலே ஒரு துண்டுக் காகிதம் சுற்றி, மீதி எவ்வளவு என்று எழுதி வைத்து விடுங்கள்.